பில்லிங் மென்பொருள் திடீர் திடீரென்று மூடிக்கொள்கிறது: விண்டிபக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சி++ மொழியில் எழுதப்பட்ட 64-பிட் விண்டோஸ் பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். கடைகளில் அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. சில நாள்களில் பிரச்சினையே இருக்காது, சில நாள்களில் கடை திறந்த சற்று நேரத்திலேயே கல்லாவிலிருந்து தொலைபேசி வந்துவிடும். எங்கள் அலுவலகக் கணினியில் ஒருமுறைகூட அவ்வாறு நிகழவில்லை. ஈவென்ட் வியூவரில், பழுதான மாட்யூல் என்டிடிஎல்எல் (விண்டோஸின் அடிப்படை நூலகம்) என்றும், பிழைக்குறி 374 என முடிவதாகவும் பதிவாகியிருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாமா என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள். பிழை தேட உதவும் விண்டிபக் டீபக்கரை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
விண்டோஸின்மேல் பழி போடாதீர்கள். 374 என முடியும் குறி, ஹீப்பின் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதியின்) உட்கணக்கு சிதைந்திருப்பதைக் கண்ட ஹீப் மேலாளர் நிரலைத் தானாகவே நிறுத்தியதைக் காட்டுகிறது. அந்த மேலாளர் இருப்பது என்டிடிஎல்எல்லுக்குள் என்பதால்தான் அதன் பெயர் பதிவாகிறது. முதலில் கடைக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்பதன்கீழ் லோக்கல்டம்ப்ஸ் என்ற விசையையும், அதனுள் உங்கள் நிரலின் பெயரில் ஒரு துணைவிசையையும் உருவாக்கி, டம்ப்டைப் மதிப்பை 2 என வையுங்கள். அடுத்த கிராஷின்போது நிரலின் முழு நினைவகமும் ஒரு டம்ப் கோப்பாகச் சேமிக்கப்படும். அதை விண்டிபக்கில் திறக்கும்போது, கடைக்கு அனுப்பிய அதே பில்டின் பிடிபி கோப்பு (நிரலின் முகவரிகளை மூலநிரலின் பெயர்களோடும் வரிகளோடும் இணைப்பது) கையில் இருக்க வேண்டும். அதே மூலநிரலை இன்று மறுபடி கம்பைல் செய்தால் கிடைக்கும் பிடிபி பொருந்தாது.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான். ஆனால் 374 விஷயத்தில் டம்ப் மட்டும் போதாது. திருட்டு நடந்து நெடுநேரம் கழித்துப் பூட்டு உடைந்திருப்பதைப் பார்ப்பது போன்றது அது. அழைப்பு அடுக்கில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) தெரிவது பெரும்பாலும் ஒரு பாவமும் அறியாத ஃபங்ஷனாகவே இருக்கும். ஜிஃபிளாக்ஸ் கருவியால் உங்கள் நிரலுக்கு மட்டும் முழு பேஜ்ஹீப் என்ற ஹீப் சோதனை முறையை இயக்கிவிட்டு, நிரலை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு நினைவு ஒதுக்கீடும் 4096 பைட் பக்கத்தின் கடைசியில் வைக்கப்பட்டு, அடுத்த பக்கம் தொடமுடியாததாக ஆக்கப்படும். எல்லை தாண்டி அந்தப் பக்கத்தில் எழுதும் கட்டளை, எழுதும் அந்த நொடியிலேயே 005 என முடியும் பிழையுடன் பிடிபடும். நினைவகத்தை இது கணக்கில்லாமல் விழுங்கும் என்பதால் ஒரே ஒரு கல்லாவில் மட்டும் செய்யுங்கள். நிரலை விண்டிபக்கிலிருந்தே தொடங்கினால் ஹீப்பின் நடத்தை மாறி, பிழை ஒளிந்துகொள்ளக்கூடும்; ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன் பிறகு இணைப்பதே நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பேஜ்ஹீப்பை இயக்கியதும், வாடிக்கையாளர் பெயரை அச்சிடும் இடத்திலேயே நிரல் நின்றது. வெளியிலிருந்து வாங்கிய ரசீது அச்சு நூலகம், பெயரின் நீளத்தை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் அலகுகளில் எண்ணி, அத்தனை பைட்டும் முற்றுக்குறிக்கு (சொல்லின் முடிவைக் காட்டும் பைட்டுக்கு) ஒன்றும் மட்டும் ஒதுக்கிவிட்டு, யூடிஎஃப்-8 என்ற வேறு முறைக்கு மாற்றி அதில் எழுதுகிறது. ஆங்கிலப் பெயர்களுக்கு அது சரியாக அமைந்துவிடும். ‘முருகன்’ என்ற சொல்லிலோ 7 குறிகள் இருப்பதால், யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 வீதம் 21 பைட் தேவை. முற்றுக்குறியையும் சேர்த்து 8 பைட் இடத்தில் 22 பைட் எழுதப்படுகிறது. அலுவலகச் சோதனைத் தரவில் தமிழ்ப் பெயரே இல்லை என்பதால்தான் அங்கே பிழை தலைகாட்டவில்லை. ஆனால் கடையில் தமிழ்ப் பெயர் வந்த உடனேயே ஏன் விழவில்லை?

பதில் 2:
அண்டையிலுள்ள ஹீப் துண்டின் தலைப்பு சிதைந்தாலும், அந்தத் துண்டை விடுவிக்கவோ மறுபடி பயன்படுத்தவோ முனையும்போதுதான் மேலாளர் அதைக் கவனிக்கும். அது அடுத்த நொடியிலும் நேரலாம், மாலையிலும் நேரலாம். நூலகத்தின் மூலநிரல் உங்களிடம் இருந்தால், மாற்றும் ஃபங்ஷனை முதலில் இலக்கின் அளவு 0 எனக் கொடுத்து அழைத்து, அது திருப்பித்தரும் பைட் எண்ணிக்கையைக் கொண்டே இடம் ஒதுக்குங்கள். இலக்கின் கொள்ளளவையும் உண்மையான அளவாகவே கொடுங்கள். அங்கே பெரிய எண் ஒன்றை நிலையாகக் கொடுத்திருந்ததால்தான் விண்டோஸ் தடுக்காமல் எழுதியிருக்கும். ஜிஃபிளாக்ஸ் அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும், கணினியை மறுபடி இயக்கினாலும் போகாது. அந்தக் கல்லாவில் மறவாமல் நீக்கிவிடுங்கள்.