மூக்குத்தண்டை உயர்த்த சிலிகானா, சொந்தக் குருத்தெலும்பா?

கேள்வி:
என் தங்கைக்கு மூக்குத்தண்டு சற்றுத் தாழ்ந்திருப்பதால், அதை உயர்த்தும் அறுவைசிகிச்சைக்கு மருத்துவர் சிலிகான், கோர்டெக்ஸ் (நுண்துளைகள் கொண்ட ஒரு செயற்கைப் பொருள்), விலாக் குருத்தெலும்பு என மூன்று வழிகளைக் கூறியிருக்கிறார். நீண்ட காலத்துக்கு எது பாதுகாப்பானது என்று விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கொரியாவில் பரவலாகப் பயன்படும் சிலிகானைச் செதுக்குவது எளிது. அதற்குள் திசு வளராமல் சுற்றிலும் மெல்லிய உறை மட்டுமே உருவாவதால், சிக்கல் வந்தால் எடுப்பதும் எளிது. ஆனால் ‘எல்’ வடிவத் துண்டை மூக்கு நுனி வரை கொண்டுவந்தால், அது இடைவிடாமல் அழுத்தி, நுனித் தோல் மெலிந்து சிவந்து, பல ஆண்டுகள் கழித்தும்கூட வெளியே துருத்திக்கொண்டு வரக்கூடும். ஆகவே நுனிக்குக் காதுக் குருத்தெலும்பையோ மூக்கு இடைச்சுவர்க் குருத்தெலும்பையோ வைக்கச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மறுமொழி 2:
கோர்டெக்ஸின் நுண்துளைகளில் திசு ஊடுருவுவதால் அது எளிதில் இடம்பெயராது. அதே காரணத்தால், தொற்று ஏற்பட்டால் எடுப்பது சிலிகானைவிடக் கடினம்.

மறுமொழி 3:
தோல் மிக மெல்லியதாக இருந்தாலோ, முன்பே அங்கு அறுவைசிகிச்சை நடந்திருந்தாலோ, விலாக் குருத்தெலும்பே என் தேர்வு. அது நாளடைவில் வளையக்கூடும் என்பதையும், மார்பில் தழும்பு இருக்கும் என்பதையும் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுபடி சரிசெய்ய நேர்ந்தால் செலவு யாருடையது என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.