மடிசிறகுக் கோடு, விரிசிறகுப் பட்டை: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று லால்பாக்கிலும் ஹெப்பாள் ஏரிக்கரையிலும் எடுத்த பறவைப் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது, முற்றிலும் வேறான இரண்டு அடையாளங்களுக்குச் ‘சிறகுக்கோடு’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஒன்று, மரக்கிளையில் பூச்சி தேடிக்கொண்டிருந்த பச்சைக் கதிர்க்குருவியின் சிறகில் இருந்தது. மற்றொன்று, நீர்ப்பரப்பை ஒட்டிப் பறந்த சாதா உள்ளானின் சிறகில் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘விங் பார்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் தமிழுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

கதிர்க்குருவியின் சிறகில் நாம் பார்ப்பது, பறப்பிறகுகளின் அடிப்பகுதியைப் போர்த்தியிருக்கும் பெரிய மூடிறகுகளின் வெளிறிய நுனிகளை. சிறகு மடிந்திருக்கும்போது அந்த நுனிகள் வரிசையாக அமைந்து மெல்லிய கோடாகத் தெரிகின்றன. மாம்பழச்சிட்டின் இரண்டு வெண்கோடுகளும் மூடிறகுகளால் ஆனவையே. இறகின் நுனிதான் முதலில் தேயும் என்பதால், குளிர்காலம் முழுவதும் பெங்களூரில் கழித்துவிட்டு வடக்கே திரும்பவிருக்கும் கதிர்க்குருவியை மார்ச், ஏப்ரலில் படம் எடுத்தால் அந்தக் கோடு மங்கியிருக்கலாம், சில பறவைகளில் இல்லாமலே போயிருக்கலாம். ‘கோடு இல்லை, ஆகவே பச்சைக் கதிர்க்குருவி இல்லை’ என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது. அப்போது நீண்ட புருவக்கோட்டையும், இரண்டு அசையில் ஒலிக்கும் குரலையும் கொண்டே அதை உறுதிசெய்ய வேண்டும்.

உள்ளானின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் வெண்பட்டையின் பெரும்பகுதி பறப்பிறகுகளின் அடிப்பகுதியில் உள்ள வெண்மையால் அமைகிறது. பறவை கரையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது மூடிறகுகள் அந்த வெண்மையை மறைத்துவிடுகின்றன. அது எழுந்து, விறைத்த சிறகைச் சிறிது சிறிதாக அடித்துக்கொண்டு நீர்மேல் செல்லும்போதுதான் பட்டை கண்ணில் படுகிறது. அதே கரையில் உலவும் பொறி உள்ளானுக்கு இத்தகைய பட்டை இல்லை; ஆகவே பறக்கும் நொடியில் இரண்டையும் பிரித்தறிய இது பெரிதும் உதவுகிறது. நிற்கும் சாதா உள்ளானுக்கு, நெஞ்சோரமாகத் தோளை நோக்கி ஏறும் வெண்மையே நல்ல அடையாளம்.

இந்த அடிப்படையில் ‘மடிசிறகுக் கோடு’, ‘விரிசிறகுப் பட்டை’ என்னும் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். மடிசிறகு, விரிசிறகு என்பன வினைத்தொகைகள். விளக்கம் இல்லாமலே, அடையாளத்தை எப்போது தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. கோடு என்றும் பட்டை என்றும் மட்டும் பிரித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அகலத்தை அளவுகோலாகக் கொண்டால் அது நிலைக்காது. மாம்பழச்சிட்டின் வெண்கோடே சில படங்களில் பட்டைபோல் அகன்று தெரிகிறது.

கன்னடத்தில் ‘ரெக்கெ’ என வழங்குவதால், நம்மோடு பறவை பார்க்கும் நடைக்கு வரும் கன்னட நண்பர்களுக்கும் புரியும்படி ‘இறக்கை’ என்றே ஆளலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும் ‘மடியிறக்கை’ என்று சேர்த்தால் இறக்கும் பொருள் இருமடங்காக ஒலிக்கிறது. ‘மடி’ என்பதே சாவைக் குறிக்குமே என்று அம்மையார் ஒருவர் எழுப்பிய ஐயமும் நியாயமானதுதான். ஆனால் குடையையும் துணியையும் மடிக்கிறோம். ‘மடிகணினி’ என்ற சொல்லைக் கேட்டபோது எவரும் சாவை நினைக்கவில்லை. ‘சிறகு’ என்பது அருகில் நிற்கும்போது பொருள் மயங்க இடமில்லை. ‘மடிசிறகு’ என்பதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட ‘ஒடுங்குசிறகு’ இலக்கியச் சுவை உடையது. எனினும் சிறகு சிறுத்துப்போனதாக எண்ண இடம் தருகிறது. சொற்களைச் சுருக்கி ‘மடிகோடு’ என்று எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்; அது தாளில் விழும் மடிப்பையே நினைவூட்டும்.

‘இறகு’ என்பதைத் தனித்தனி இறகுக்கும் ‘சிறகு’ என்பதை முழு உறுப்புக்கும் ஒதுக்கினால்தான் மேலே சொன்ன விளக்கம் நிற்கும். பேச்சில் இரண்டும் கலந்து வழங்கினாலும் படக்குறிப்பில் பிரித்து எழுதுவோம்.

குண்டுகரிச்சான் மட்டும் இந்தப் பகுப்புக்குள் அடங்கவில்லை. அதன் சிறகில் நீளவாக்கில் ஓடும் வெண்மை, அமர்ந்திருந்தாலும் பறந்தாலும் தெரிகிறது. அதற்குச் ‘சிறகுத் திட்டு’ என்னும் சொல்லைப் பரிந்துரைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் திட்டு என்பது வட்டமான ஒன்றை மனத்தில் கொண்டுவருவதால் எனக்கு முழு நிறைவு இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் எவருக்கேனும் தோன்றினால், பக்கவாட்டில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்; ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து ஓர் உறுப்பினர்