மனச்சோர்வு மாத்திரை யாருக்கு ஒத்துக்காது என்று முன்பே சொல்ல முடியாதா?

குடியாத்தம் செல்வி:
போன கத்திரி வெயிலில் நடந்தது. அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன பிறகு சோறும் தூக்கமும் இல்லை. ஒரு கிளினிக்கில் எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்தார்கள். 12ஆம் நாள் காலையில் என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு, பயங்கரமாக இறங்கியிருந்தது. ஜீன் டெஸ்ட் எடுத்தால் எந்த மாத்திரை ஒத்துக்காது என்று தெரியுமாமே. எல்லோருக்கும் அதை எடுத்த பிறகே மாத்திரை கொடுத்தால் என்ன?

காட்பாடி மருந்துக்கடை:
அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது தங்கச்சி? பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா?

செல்வி:
தேறிவிட்டார் அண்ணா. ஆமாம், நாலு வருஷமாகச் சாப்பிடுகிறார்.

காட்பாடி மருந்துக்கடை:
அப்படியானால் ஜீன் டெஸ்ட் இதைச் சொல்லியிருக்காது. கல்லீரல் மருந்தை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்பதைத்தான் அது முக்கியமாகச் சொல்லும். வயதானவர், பெண், கூடவே நீர் மாத்திரை. சோடியம் இறங்கும் என்று சந்தேகப்பட இந்த மூன்றே போதும். வெயிலுக்காக வெறும் தண்ணீராகக் குடித்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை தொடங்கும் முன் ஒரு தடவை, இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை சோடியம் பார்த்திருக்க வேண்டும். தெருமுனை லேபிலேயே எடுப்பார்கள்.

சத்துவாச்சாரி ரேவதி:
அண்ணன் ஜீனை ஒரேயடியாகத் தள்ளுவதை ஏற்க முடியாது. எஸ்சிட்டலோப்ராமை உடைப்பதில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதிக்குப் பெரிய பங்கு. அது மந்தமாக வேலை செய்பவர்கள் ஐரோப்பாவைவிட நம் பக்கம் அதிகம். அதே 10 மில்லிகிராம் அவர்கள் ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். இதோடு நெருங்கிய உறவுள்ள சிட்டலோப்ராம் என்ற மருந்தை இப்படிப்பட்டவர்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது, இதயத் துடிப்பு தாளம் தப்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது.

காட்பாடி மருந்துக்கடை:
60 வயது தாண்டியவர்களுக்கும் அதே 20தான் என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறார்களே. வயதைத் தெரிந்துகொள்ள எந்த டெஸ்ட்டும் வேண்டாம். ஜீன் டெஸ்ட் பார்த்து மருந்து எழுதியவர்களையும் பார்க்காமல் எழுதியவர்களையும் ஒப்பிட்டு, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் செய்த ஆய்வு 2022இல் வந்தது. ஜீனுக்குப் பொருந்தாத மருந்து எழுதுவது குறைந்தது, உண்மை. ஆனால் 24 வாரம் கழித்து, நோய் தணிந்தவர் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

ரேவதி:
நோய் தணிவது வேறு அண்ணா, பக்கவிளைவு வேறு. செல்வி அக்கா கேட்டது இரண்டாவதை. ஒரு மாத்திரை ஒத்துக்காமல் அடுத்ததுக்கு மாற வேண்டியவருக்காவது எடுக்கலாமே.

காட்பாடி மருந்துக்கடை:
சரி, அந்த இடத்தில் நான் மறுக்கவில்லை. முதல் மாத்திரைக்கே எல்லோருக்கும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஆம்பூர் தையல் பிரிவு:
நான் ஷூ கம்பெனியில் வேலை, மனச்சோர்வுக்கு இதே வகை மாத்திரையான செர்ட்ராலின் சாப்பிட்டவன். பத்து நாள் குமட்டல். "இரண்டு வாரத்தில் அடங்கும், நிறுத்தாதே" என்று டாக்டர் முதலிலேயே சொன்னதால் தாக்குப்பிடித்தேன். பக்கத்து மெஷின் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாம் நாளே தூக்கிப்போட்டுவிட்டான். ஆனால் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும் என்பதை என்னிடமும் சொல்லவில்லை. வீட்டில் எவ்வளவு சங்கடம் தெரியுமா? ஆண்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டோம், டாக்டர்தான் கேட்க வேண்டும். யாருக்கு வரும் என்று கணிப்பதெல்லாம் அப்புறம். வரக்கூடியதை முதலில் சொல்லுங்கள்.

செல்வி:
வயது, பெண், நீர் மாத்திரை என்று நீங்கள் சொன்ன மூன்றுமே அந்தச் சீட்டைப் பார்த்தாலே தெரியும் அண்ணா. அதுதான் மனசு ஆறவில்லை. இப்போது நீர் மாத்திரையை நிறுத்தி வேறு பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மிர்டாசபின். வியாழக்கிழமை மறுபடி சோடியம் பார்க்கிறோம். ரேவதி, ஜீன் டெஸ்ட் பற்றியும் அன்றைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.