48 சதவீதம் என்றால் பாதி மரபணுவா? எழில்வேந்தன் பதில் சொல்லட்டும்

கணக்கு வாத்தியார் (காலை 6.40)

'மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) பரம்பரையா, வளர்ப்பா' என்ற இழையில் நண்பர் எழில்வேந்தன் நேற்று இரவு எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கு வர 48 சதவீத வாய்ப்பு. ஆகவே நோயில் பாதி மரபணு, பாதி சூழல். கணக்கு முடிந்தது."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முப்பத்தொரு ஆண்டு புள்ளியியல் கற்பித்தவன் நான். 48 என்ற எண், பழைய ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து அமெரிக்க உளவியலாளர் இர்விங் காட்டஸ்மன் 1991-இல் கொடுத்த அட்டவணையில் உள்ளது. எண்ணில் தவறில்லை. அதே அட்டவணையில் ஒத்திராத இரட்டையருக்கு 17, மற்ற உடன்பிறப்புகளுக்கு 9, பொதுமக்களுக்கு 1 என்றும் இருக்கிறது. அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு 48-ஐ மட்டும் பொறுக்கி எடுத்துப் 'பாதி' என்கிறார்.

ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருமா என்பது ஒரு கேள்வி. மக்களுக்குள் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. டென்மார்க்கில் 31,524 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில் முதல் கேள்விக்கு விடை 33 சதவீதம், இரண்டாவதற்கு 79 சதவீதம். எழில்வேந்தன் முறைப்படி நோயில் மரபணு 33 என்றல்லவா வரவேண்டும்? பதில் தேவை.

எழில்வேந்தன் (காலை 7.25)

வணக்கம் ஐயா. விடிந்ததும் தலைப்பிலேயே என் பெயர். மகிழ்ச்சி.

நான் சொன்னது நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். ஒரே மரபணு கொண்ட இரண்டு பேர். ஒருவருக்கு நோய். அப்படிப்பட்ட நூறு பேரின் கூடப்பிறந்தவர்களில் 48 பேருக்கு வருகிறது, 52 பேருக்கு வரவில்லை. அந்த 52 பேரைக் காப்பாற்றியது எது? மரபணுவா? அதுதான் ஒன்றாயிற்றே! பாதி என்று சொன்னது மரபணுவுக்கு நான் காட்டிய தாராளம்.

இன்னொன்று. சீனாவில் 1959 முதல் 1961 வரை பெரும்பஞ்சம். ஆன்ஹுய் மாகாணத்து வூஹு பகுதியில் 1959-இல் பிறந்தவர்களில் பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்கள் 0.84 சதவீதம். 1960-இல் பிறந்தவர்களில் 2.15. ஒரே ஆண்டில் ஊர் முழுக்க மரபணு மாறிவிட்டதா ஐயா?

சென்ற பொங்கலுக்குச் சர்க்கரை நோய் இழையில் 'அரிசிக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை' என்று சாதித்தவர் நீங்கள். மறக்கவில்லை.

நடுப்பகல் (காலை 7.31)

48-க்கும் 52-க்கும் நடுவில் நாலு சதவீதம்தான் இடைவெளி. இதற்குள் இரண்டு பேர் இவ்வளவு அழுத்தமாக நிற்க முடிகிறது என்றால் ஆச்சரியம்தான். தொடருங்கள், அலுவலகம் போகும்வரை படிக்கிறேன்.

கணக்கு வாத்தியார் (காலை 8.02)

அரிசி பற்றி நான் எழுதியது 'அரிசி மட்டும் காரணமில்லை'. 'மட்டும்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு மேற்கோள் காட்டுவது சிலருக்கு வழக்கம்.

இனி 48. இரண்டு பொங்கல் பானைகள். ஒரே குயவர் செய்தவை, ஒரே அளவுப் பால். ஒன்று பொங்கி வழிந்தது, மற்றொன்று விளிம்புவரை நுரைத்து நின்றுவிட்டது. 'ஒன்று பொங்கவில்லையே, ஆகவே பொங்கலில் பாலுக்குப் பாதிப் பங்குதான்' என்பீர்களா? விளிம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பவருக்கு, விளிம்புவரை வந்த பாலும் அடியில் கிடக்கும் பாலும் ஒன்றுதான். ஆபத்து சேர்ந்து ஒரு விளிம்பைத் தாண்டினால்தான் நோய் என்ற இந்தக் கணக்கை மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் 1965-இலேயே போட்டுவிட்டார்.

48 என்பதே எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பத்து ஜோடிகள். நான்கில் இருவருக்கும் நோய், ஆறில் ஒருவருக்கு மட்டும். ஜோடிவாரியாக எண்ணினால் பத்துக்கு நான்கு, 40 சதவீதம். நோயாளிவாரியாக எண்ணினால் மொத்தம் பதினான்கு நோயாளிகள், அவர்களில் எட்டுப் பேரின் இணைக்கும் நோய். 57 சதவீதம். ஆட்கள் மாறவில்லை, எண் மாறிவிட்டது. இதில் எதை எடுத்துப் 'பாதி' என்பார் நண்பர்?

வூஹு பஞ்சத்தை நான் மறுக்கவில்லை. ஹாலந்தில் 1944-45 பனிக்காலப் பட்டினி உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடமும் ஆபத்து இரண்டு மடங்கானது. சூழலே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? 48 பாதி அல்ல என்று மட்டுமே சொன்னேன்.

மருதாணி (காலை 9.48)

பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. மின்விசிறி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று சொல்லி, மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்திருப்பான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறுவார். 'இது பேசாது' என்று அதை மட்டும் அனுமதிப்பான்.

முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் அம்மாவிடம், 'நீங்கள் கண்டிப்பாக வளர்த்ததால் வந்தது' என்றார். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் இரவு மாத்திரையை எண்ணி டப்பா மூடியில் வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று அம்மா மன்னிப்புக் கேட்கிறார்.

எனக்கு ஒரு மகள், நான்கு வயது. அவளுக்கு வருமா என்பதுதான் என் கேள்வி. 48-ஆ, 33-ஆ, 79-ஆ? இவற்றில் எது என் மகளுக்கானது?

எழில்வேந்தன் (காலை 10.15)

சகோதரி, கவலைப்படாதீர்கள். பரம்பரை பரம்பரை என்று இப்படித்தான் குடும்பங்களைப் பயமுறுத்துகிறார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1946-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் கால்மன் என்ற மனநல மருத்துவர் ஒத்த இரட்டையருக்கு 86 சதவீதம் என்று எழுதினார். அவர் படித்தது யாரிடம்? ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ரூடினிடம். 1933-இல் ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் அந்த ரூடின். அந்தச் சட்டத்தால் கருத்தடை செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். 86-இல் தொடங்கி 48-க்கு இறங்கி, ஐயாவே காட்டியபடி 33-க்கு வந்துவிட்டது. 1963-இல் ஃபின்லாந்தில் டியெனாரி என்ற ஆய்வாளர் பதினாறு ஒத்த ஜோடிகளைப் பார்த்தார். எத்தனை ஜோடியில் இருவருக்கும் நோய்? பூஜ்யம்! இன்னும் இருபது ஆண்டு போனால் எல்லாமே பூஜ்யமாகிவிடும்.

கணக்கு வாத்தியார் (காலை 10.40)

கணக்குக் கேட்டால் ஹிட்லர் வருகிறார். ரூடினின் பாவம் ரூடினோடு. கால்மனே யூத வழியில் வந்தவர் என்பதால் ஜெர்மனியைவிட்டு ஓடி வந்தவர், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஃபின்லாந்துப் பூஜ்யமும் அந்த ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தபோது பூஜ்யமாகவே நிற்கவில்லை.

அம்மா மருதாணி, உங்கள் கேள்விக்கு: நோயாளியின் உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்கு அதே காட்டஸ்மன் அட்டவணை சொல்வது 4 சதவீதம். நூறில் தொண்ணூற்றாறு பேருக்கு வராது. உங்கள் தாயாரிடம் இதையும் சொல்லுங்கள். 1948-இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் 'நோயை உண்டாக்கும் தாய்' என்றொரு சொல்லை எழுதிவைத்தார். அதற்கு ஆதாரம் கிடைக்கவே இல்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் அம்மாக்கள் அந்தச் சுமையைச் சுமந்தார்கள். அந்த மருத்துவர் சொன்னது அதன் எச்சம். பனையோலை விசிறியோடு உட்கார்ந்தவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

எழில்வேந்தனுக்கு வருவோம். டென்மார்க்கில் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை என்றிருந்த ஒத்த இரட்டையரின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 1989-இல் வெளிவந்தது. நோயாளியின் பிள்ளைகளில் ஆபத்து 16.8 சதவீதம். நோயே வராத இணையின் பிள்ளைகளில் 17.4. உங்கள் 52 பேரும் சும்மா தப்பித்தவர்கள் அல்லர், பானை நிறையப் பாலோடு தப்பித்தவர்கள். அடுத்த தலைமுறைக்கு அப்படியே ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

எழில்வேந்தன் (காலை 10.52)

அந்த 52 பேருக்கு ஏன் வரவில்லை? இன்னும் பதில் இல்லை.

வைகைக்கரையான் (காலை 11.20)

இரண்டு பேருமே கஞ்சாவை மறந்துவிட்டீர்கள். ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு. 2019-இல் ஐரோப்பிய நகரங்களையும் பிரேசிலையும் சேர்த்துச் செய்த ஆய்வில், வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் புகைப்பவர்களிடம் சைக்கோசிஸ் (மனச்சிதைவு போல நிஜத்தோடு தொடர்பு அறும் நிலை) ஏறத்தாழ ஐந்து மடங்கு. எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். மரபணுவை மாற்ற முடியாது, பொட்டலத்தைப் பிடுங்க முடியும்.

கணக்கு வாத்தியார் (காலை 11.34)

தம்பி, நோய் வரப்போகிறவன்தான் கஞ்சாவைத் தேடிப் போகிறானா என்ற கேள்வி அன்றிலிருந்தே இருக்கிறது. மற்றக் காரணங்களைக் கழித்துவிட்டால் அந்த ஆறு மடங்கும் இறங்கிவிடுகிறது. ஆனால் இந்த இழை கஞ்சா பற்றியதல்ல, 48 பற்றியது.

வைகைக்கரையான் (காலை 11.36)

இறங்கினாலும் ஒன்றுக்கு மேல்தான் நிற்கிறது ஐயா. வாத்தியார் வேலையை விட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் 'இது பாடத்தில் இல்லை' என்று சொல்லும் பழக்கம் மட்டும் போவதில்லை போலும்.

ஆய்வகத்து எலி (நண்பகல் 12.10)

பொதுவாக நான் எழுதுவதில்லை. 48 நோயின் 'பங்கு' இல்லை என்பது போலவே 79-உம் 'பங்கு' இல்லை. அந்த மக்கள்தொகையில், அந்தக் காலத்தில், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை விளக்கும் எண் மட்டுமே அது. எல்லோரும் ஒரே மாதிரிச் சூழலில் இருந்தால் அது ஏறும், சூழல் பலவிதமானால் இறங்கும். கஞ்சா கிடைத்தால்தான் வேலை செய்யும் மரபணு இருந்தால் அதையும் இரட்டையர் கணக்கு மரபின் பக்கமே எழுதிவிடும். முதலில் இந்தச் சொற்களை வரையறுத்துக்கொள்ளலாமே? 2022-இல் 76,755 நோயாளிகளின் மரபணுத் தொகுதியைப் பார்த்த ஆய்வில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் தெரிந்தன. பொதுவாகக் காணும் மரபணு மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து அந்த வேறுபாட்டில் விளக்குவது சுமார் 24 சதவீதம்.

எழில்வேந்தன் (நண்பகல் 12.14)

79 எங்கே, 24 எங்கே? ஐயா பதில் சொல்லட்டும். வரையறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு வாத்தியார் (நண்பகல் 12.21)

எலி அவர்களே, நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாததா? சாதாரண வாசகருக்காகச் சுருக்கினேன். நீங்கள் எடுத்துக்கொடுத்த 24-ஐ அவர் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், பாருங்கள்.

பனங்காடை (பிற்பகல் 1.05)

முதலில் 'மனச்சிதைவு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். சிதைவது என்ன, சுவரா? 1908-இல் சுவிஸ் மனநல மருத்துவர் பிளாய்லர் வைத்த 'ஸ்கிட்சோஃப்ரினியா' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பிளத்தல் என்றுதான் பொருள். மனப்பிளவு என்பதே சரி.

நடுப்பகல் (பிற்பகல் 1.09)

மனப்பிளவு என்றால், ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் இருக்கும் திரைப்பட நோய் என்று ஊரே நினைக்கும். ஜப்பானியர்கள் இதற்காகவே 2002-இல் நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

பனங்காடை (பிற்பகல் 1.15)

ஜப்பானியர் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அல்லர்.

கொல்லிமலைத்தேன் (பிற்பகல் 1.40)

தென்னிந்தியர்களைச் சேர்த்து 2019-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில் நியாசின் (வைட்டமின் பி3) தொடர்புள்ள மரபணு தெரிந்தது. நியாசின் எதில் இருக்கிறது? நிலக்கடலையில். இதைச் சொன்னால் மருந்துக் கம்பெனிகள் விடுமா? மருதாணி அம்மா, தம்பிக்கு நாள்தோறும் ஒரு கைப்பிடி கொடுங்கள்.

ஆய்வகத்து எலி (பிற்பகல் 1.44)

தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். மரபணு தெரிந்ததற்கும் கடலை மருந்தாவதற்கும் நடுவில் எவ்வளவோ தூரம். 1950-களில் கனடாவில் ஆப்ரம் ஹாஃபர் என்ற மனநல மருத்துவர் நியாசினைக் கொட்டிக் கொடுத்துப் பார்த்தார். பின்னால் அங்கேயே முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. அம்மா, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மருதாணி (பிற்பகல் 2.02)

நிறுத்த மாட்டேன். நான்கு சதவீதம் என்று அம்மாவிடம் சொன்னேன். 'அந்த நாலில் அவள் இருந்தால்?' என்று கேட்டார்.

எழில்வேந்தன் (பிற்பகல் 2.30)

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் 1930-இல் பிறந்த நான்கு ஒத்த சகோதரிகள், ஜெனெய்ன் என்ற புனைபெயரில் ஆய்வாளர்கள் எழுதியவர்கள். நால்வருக்கும் மனச்சிதைவு. வீட்டில் குடிகாரத் தகப்பன், அடி, பூட்டிய கதவு. அந்த வீட்டில் வளர்ந்தால் யாருக்குத்தான் வராது?

கணக்கு வாத்தியார் (பிற்பகல் 2.47)

நால்வருக்கும் ஒரே மரபணு, நால்வருக்கும் வந்தது. இதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்ததற்கு நன்றி. அடித்த தகப்பன்கள் எத்தனையோ ஊரில் உண்டு. அத்தனை பிள்ளைகளுக்கும் மனச்சிதைவு வந்ததா?

எழில்வேந்தன் (பிற்பகல் 2.51)

நால்வரில் ஒருவர் திருமணம் செய்து பிள்ளை பெற்று ஓரளவு நன்றாக வாழ்ந்தார். இன்னொருவர் மீளவே இல்லை. ஒரே மரபணுவுக்கு ஏன் நான்கு வாழ்க்கை? மீண்டும் என் 52-க்கே வந்து நிற்கிறீர்கள்.

கணக்கு வாத்தியார் (பிற்பகல் 3.10)

உங்கள் 52 அல்ல, என் 33. அதற்குக் காலையிலிருந்து பதில் வரவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழில்வேந்தன் (பிற்பகல் 3.12)

அரிசி இழையில் 'மட்டும்' என்ற சொல் இருந்ததாகச் சொன்னீர்களே. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இல்லை.

கணக்கு வாத்தியார் (பிற்பகல் 3.13)

மூன்றாவது பக்கத்தைப் பாருங்கள்.