எல்லாக் கோப்பும் ஏற்றியாச்சு, டெண்டர் திறந்தப்போ எங்க பெயரே இல்லை: பயிற்சிக் கையேட்டில் எதைப் பார்க்கணும்?

பேவர்பிளாக்_சிவில்:
வணக்கம். தமிழக அரசின் மின்-டெண்டர் தளமான டிஎன் டெண்டர்ஸில் ஊராட்சி ஒன்றியச் சாலை வேலை ஒன்று. இரண்டு கவர் (தொழில்நுட்பம் ஒன்று, விலை ஒன்று), சதவீத விலை முறை (மதிப்பீட்டுத் தொகைக்கு எத்தனை சதவீதம் கூட, குறைய என்று சொல்வது). ஈஎம்டி (முன்வைப்புத் தொகை) கட்டியாச்சு, தொழில்நுட்பக் கவர் பிடிஎஃப்பும் பிஓக்யூ (விலைப் பட்டியல்) எக்செலும் ஏறிடுச்சு. நேற்று திறந்தப்போ பட்டியலில் நாங்க இல்லை. அலுவலகத்தில் "உங்க பிட் (ஒப்பந்தப்புள்ளி) வரவே இல்லை" என்கிறார்கள். முகப்பில் ‘பிட்டர்ஸ் மேனுவல் கிட்’ (டெண்டர் போடுபவர்களுக்கான கையேடு) என்று ஏகப்பட்ட கோப்பு கிடக்கு, எல்லாம் ஆங்கிலம். எதை முதலில் படிக்கணும்? ஜெம் (மத்திய அரசின் கொள்முதல் தளம்) பயிற்சியும் பார்க்கச் சொல்றாங்க, அது உதவுமா? அடுத்த டெண்டருக்கு 9 நாள் இருக்கு.

டிஎஸ்சி_டோக்கன்:
முதலில் உள்ளே போய் ‘மை ஆக்டிவ் பிட்ஸ்’ திறந்து அந்த டெண்டர் எண் இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் 99 சதவீதம் ‘ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்’ அழுத்தாமல் விட்டிருப்பீங்க. கோப்பு ஏறுவது வேறு, பிட் சமர்ப்பிப்பது வேறு. ஈஎம்டி விவரம், கவர் 1, கவர் 2 எல்லாம் முடிந்த பிறகு கடைசித் திரையில் அந்தப் பொத்தான் வரும். அதை அழுத்தினால்தான் பிட் எண், தேதி, நேரத்தோடு ஒப்புகை வரும். அந்த ஒப்புகையை அச்செடுத்து வைத்துக்கொண்டால்தான் வேலை முடிந்தது. கடைசி நேரத்துக்கு உங்க கைக்கடிகாரம் கணக்கில்லை. திரையில் ஓடும் சர்வர் நேரம்தான் கணக்கு.

கவர்2_கண்ணன்:
கிட் முழுவதையும் படிக்க வேண்டாம். உங்க டெண்டர் ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்துவதை மட்டும் எடுங்க. முதலில் ஜாவா மென்பொருள், டிஎஸ்சி (யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்று) அமைப்புக்கான கோப்பு. கணினி இதில் தேறவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். கடைசி நாளில் ‘டோக்கன் தெரியலை’ என்று நிற்பவர்கள் இந்தக் கோப்பைத் தொடாதவர்கள்தான். அடுத்து ‘மை டாக்குமெண்ட்ஸ்’ பகுதி. பதிவுச் சான்று, பான், ஜிஎஸ்டி, சால்வென்சி (நிதித் தகுதிச் சான்று), இயந்திரப் பட்டியல் மாதிரி எல்லா டெண்டருக்கும் கேட்பதை இப்போதே அங்கே போட்டு வைக்கலாம். 100 டிபிஐ, கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணுங்க. வண்ணத்தில் எடுத்தால் கோப்பு பெருத்து ஏறுவது சிரமமாகும். அங்கே போட்டு வைத்தது தானாகப் பிட்டோடு சேராது என்பதையும் கவனிங்க. பிட் போடும்போது அதைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கணும்.

மூன்றாவது, பிட் சமர்ப்பிப்பு விளக்கக் கோப்பு. வகைக்கு ஒன்றாகத் தனித்தனியாக இருந்தால் உங்க டெண்டருக்குப் பொருந்துவதை மட்டும் எடுங்க. உங்களுக்குச் சதவீதம்தான், மற்றதைத் தொட வேண்டாம்.

ஜெம் என்பது அரசுத் துறைகளுக்குப் பொருளும் சேவையும் விற்பவர்களுக்கான சந்தை. அங்கே பட்டியலிடுவது, விலை கேட்பது எல்லாமே வேறு நடைமுறை. சிமெண்ட் பொருட்களோ வாகன வாடகையோ தருகிற எண்ணம் இருந்தால் பாருங்க. சாலை டெண்டருக்கு அது கைகொடுக்காது.

பேவர்பிளாக்_சிவில்:
ரொம்ப நன்றி. பிஓக்யூவில் ஒரு சிக்கல். சதவீதம் போட்டாலும் கீழே மொத்தத் தொகையும் எழுத்தில் வரும் தொகையும் மாறவே இல்லை. அப்படியே ஏற்றினது தப்பா?

எக்செல்_மேக்ரோ:
தப்புதான். அந்தக் கோப்பு மேக்ரோவில் (கோப்புக்குள் தானே கணக்குப் போடும் சிறு நிரலில்) ஓடுவது. இணையத்தில் இறக்கிய கோப்பின் மேக்ரோவை இப்போதைய எக்செல் தடுத்துவிடும். கோப்பின் மேல் வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, கீழே ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு ‘ஓகே’. பிறகு திறந்து ‘எனேபிள் கன்டென்ட்’ கொடுங்க. லிப்ரே ஆபீஸ், டபிள்யூபிஎஸ், செல்போன் இவற்றில் திறந்து சேமிக்கவே சேமிக்காதீங்க.

நிறம் போட்ட கட்டங்களில் மட்டும் நிரப்பணும்: நிறுவனப் பெயர், சதவீதம். சதவீதத்துக்கு முன்னால் ‘எக்ஸஸ்’, ‘லெஸ்’ என்று தேர்வுப் பட்டி வரும். 4.50 குறைவாக வேலை செய்ய நினைத்து ‘எக்ஸஸ்’ தேர்ந்தெடுத்தால் 4.50 கூடுதலாகத்தான் பதிவாகும்; முடிவு நேரம் தாண்டிய பிறகு மாற்ற வழியில்லை. எழுத்தில் வரும் தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படிங்க.

பெயர் விஷயம் இன்னும் முக்கியம். ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1) சேர்த்துவிடும். அந்தப் பெயரோடு ஏற்றினால் தளம் ஏற்காது. தந்த பெயர், தந்த எக்ஸ்எல்எஸ் வடிவம், இரண்டும் அப்படியே இருக்கணும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றிச் சேமித்தால் மேக்ரோ போய்விடும்.

ரூல்_பார்ப்பவர்:
கையேட்டில் இருந்தும் பலர் தவறவிடுவது திருத்த அறிவிப்பு. அதில் பிஓக்யூவையே மாற்றியிருந்தால் புதுக் கோப்பை இறக்கி மறுபடி நிரப்பணும், பழையது செல்லாது. ஏற்கெனவே சமர்ப்பித்தவர்களும் ‘ரீசப்மிஷன்’ போடணும். முடிவு நேரம் வரை எத்தனை முறையும் திருத்தலாம். ஆனால் ‘வித்ட்ராயல்’ பக்கம் போகாதீங்க: வாபஸ் வாங்கினால் அந்த டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. இரண்டும் ஒன்றென்று நினைத்து வேலையை இழந்தவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்றேன்.

உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று இருக்கே, ஈஎம்டி வேண்டாமே என்று இருக்காதீங்க. மத்திய அரசின் 2012 சிறுதொழில் கொள்முதல் கொள்கை கட்டுமான வேலைகளுக்குப் பொருந்தாது. டெண்டர் ஆவணத்தில் விலக்கு என்று எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு.

மேல்முறையீடு பற்றியும் யோசிக்கலாம். தமிழ்நாட்டின் 1998 ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் முறையிடலாம். ஆனால் ஒப்புகை இல்லாத பிட்டுக்கு அதில் பிடிமானம் கிடையாது. ஈஎம்டி திரும்ப வரும் வழியை அந்த அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்க.

பேவர்பிளாக்_சிவில்:
பார்த்துட்டேன். ‘மை ஆக்டிவ் பிட்ஸ்’ல் அந்த எண் இல்லை, ஒப்புகையும் இல்லை. ஃப்ரீஸ்தான் விட்டுப்போச்சு. இன்னொன்று: டிஎஸ்சி அடுத்த வாரம் முடியுது. புதுசு வாங்கினால் போதுமா?

டிஎஸ்சி_டோக்கன்:
போதாது. புதுச் சான்றை உங்க கணக்கில் இணைக்கணும். கையெழுத்திடும் பொறுப்பாளர் பெயரில் வகுப்பு 3 வாங்குங்க. வகுப்பு 2 தருவது 2021 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. வேறு நிறுவனக் கணக்கில் பதிவான சான்று உங்க கணக்குக்கு ஆகாது. இன்றைக்கே விண்ணப்பிங்க. வந்ததும் உள்நுழைந்து, ஏதாவது ஒரு டெண்டரை ‘ஃபேவரிட்’டில் சேர்த்து, பின் எண் போட்டு முதல் திரை வரை போய்ப் பாருங்க. அங்கே நின்றால் முகப்பில் உள்ள உதவி மைய எண்ணுக்கு, பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்க.