கர்ஜத்தில் எஞ்சின் முன்னாலா, பின்னாலா?

கிங்ஸ் சர்க்கிள்:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர், 'பம்பாய்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது, ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் ஒண்டிக்கொண்டதுதான்' என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. 1979 முதல் 1986 வரை ஒரு மே மாதம் தவறாமல் மன்னார்குடிக்குப் போனோம். அப்பா வி.டி. ஸ்டேஷனுக்கு ராத்திரியே போய் வரிசையில் துண்டு போட்டு டிக்கெட் எடுப்பார். ஹோல்டால், கூஜா, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டாம் நாளுக்குப் புளியோதரை. மலை ஏறுவதற்காகக் கர்ஜத் ஸ்டேஷனில் வண்டிக்கு முன்னால் இன்னும் இரண்டு எஞ்சின் மாட்டுவார்கள். நானும் தம்பியும் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்ப்போம், கன்னமெல்லாம் துரு. திருத்தணி வந்தால் பலகையில் தமிழ். எங்களுக்குப் படிக்க வராது, அம்மா வாசித்துக் காட்டுவாள். இங்கே பள்ளி திறக்க ஜூன் இரண்டாம் வாரம் ஆகும். அங்கே மாத ஆரம்பத்திலேயே திறந்துவிடும். அத்தை பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போனபிறகு, கடைசி நாட்களில் முற்றத்தில் நானும் பாட்டியும் ஒரு பூனையும்தான். இதற்குப் பெயர் ஒண்டலா?

கல்யாண் லோக்கல்:
பின்னால்.

மெட்ராஸ் போகும் வண்டிக்குக் கர்ஜத்தில் எஞ்சின் மாட்டுவது பின்னால். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிள்:
ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், உங்கள் கண்ணில் பட்டது அது ஒன்றுதானா? முன்னால்தான் சார். எட்டு வருஷம் பார்த்தவள் நான்.

கல்யாண் லோக்கல்:
எட்டு வருஷமும் தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள். கர்ஜத்திலிருந்து லோனாவலா வரை போர் காட் மலை ஏற்றம். 37 அடி போனால் 1 அடி உயரம். முன்னாலிருந்து மட்டும் இழுத்தால் பாரம் முழுக்க முதல் பெட்டியின் கொக்கியில் விழும். கொக்கி அறுந்தால் பெட்டிகள் பின்னால் உருளும் ஆபத்து உண்டு. அதனால்தான் வாலில் இரண்டு, சில வண்டிக்கு மூன்று எஞ்சின் நின்று தள்ளும். நீங்கள் சொல்லும் வருஷங்களில் அங்கே தள்ளிக்கொண்டிருந்தது டபிள்யூ.சி.ஜி. 2 என்ற மின்சார எஞ்சின். சித்தரஞ்சனில் செய்தது, 1500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுவது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செம்பூர் ஃபில்டர்:
ஒரு சின்ன சந்தேகம். 'முன்னால்' என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊருக்குப் போகும்போதா, திரும்பி வரும்போதா? அதை முடிவு செய்துவிட்டு அடித்துக்கொள்ளலாமே.

கல்யாண் லோக்கல்:
எப்படிப் பார்த்தாலும் பின்னால்தான்.

கிங்ஸ் சர்க்கிள்:
எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்டாலா பக்கத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஒரு முனையிலிருந்து கழற்றி மறுமுனையில் மாட்டுவார்களாம். அப்படியென்றால் பின்னால் இருந்தது முன்னால் வராதா?

கல்யாண் லோக்கல்:
வந்தது. 1863இல் திறந்த பாதையில் அப்படி ஒரு ரிவர்சிங் ஸ்டேஷன் இருந்தது. 1929இல் புதுப் பாதை போட்டு அதை எடுத்துவிட்டார்கள். நீங்கள் போனது 1979இல். நடுவில் 50 வருஷம் இருக்கிறது. தாத்தாவின் ஞாபகத்தையும் சேர்த்து ஹோல்டாலில் கட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள் போல.

கிங்ஸ் சர்க்கிள்:
தாத்தாவை இழுக்க வேண்டாம். போன வருஷம் அரோரா தியேட்டர் பால்கனி டிக்கெட் விலைக்கு இதே மாதிரி நாலு நாள் விடாமல் பிடித்தவர்தானே நீங்கள்? அதிலும் தப்பு உங்கள் பக்கம்தான்.

கல்யாண் லோக்கல்:
அது வேறு விஷயம். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

தொண்ணூறு அடி ரோடு:
கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்காக்காரர்களின் புளியோதரை வாசனை தாராவி வரைக்கும் வருகிறது. அக்கா, எட்டு மே மாதமும் ஊருக்குப் போனீர்கள், சந்தோஷம். எங்கள் வீட்டில் ஆறு டிக்கெட் எடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. திருநெல்வேலியை நான் முதன்முதலாகப் பார்த்தது பதினாறு வயதில், அதுவும் ஒரு சாவுக்கு. ஆனால் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வருஷா வருஷம் 'நான் கழித்த கோடை விடுமுறை' கட்டுரை உண்டு. என்ன செய்ய? பக்கத்து வீட்டு அண்ணாச்சி போய் வந்து சொன்னதையெல்லாம் நான் போனதாக எழுதினேன். தாமிரபரணியில் குளித்தேன், குற்றாலத்தில் குரங்கு என் முறுக்கைப் பறித்தது, ஆச்சி நுங்கு சீவித் தந்தாள். எனக்கு ஆச்சியே கிடையாது, நான் பிறக்குமுன் போய்விட்டாள். வாத்தியார் பத்துக்கு எட்டு போட்டார். இன்றைக்கும் தாமிரபரணி என்றால் அந்தக் கட்டுரையில் இருந்த தண்ணீர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது, அப்புறம் நேரில் பார்த்த தண்ணீர் அல்ல.

ஒன்று மட்டும். என் கட்டுரையில் எஞ்சினைப் பின்னால்தான் மாட்டினார்கள்.

கல்யாண் லோக்கல்:
பார்த்தீர்களா! போகாமலே எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிள்:
நன்றாக இருக்கிறது நியாயம். போனவள் சொன்னால் பொய், போகாதவர் புளுகினால் சாட்சி. தாராவித் தம்பி, எங்கள் வீட்டிலும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. அப்பா வருஷம் முழுக்கச் சீட்டுக் கட்டி எடுத்த டிக்கெட் அது.

தொண்ணூறு அடி ரோடு:
புளுகு என்று சொல்லாதீர்கள் அக்கா. திருத்தணிப் பலகையை அம்மா வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது உங்களுக்கு. நான் போகாவிட்டாலும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

கிங்ஸ் சர்க்கிள்:
இது தேவையா? நாற்பது வயதுக்கு மேல் தானாகக் கற்றுக்கொண்டுதான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

செம்பூர் ஃபில்டர்:
சண்டை நடுவில் கேட்கிறேன், கர்ஜத் பிளாட்பாரத்தில் அந்த திவாட்கர் வடா பாவ் சாப்பிடாமல் எஞ்சினை வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் என்ன பிள்ளைகள்? எங்கள் அப்பா எஞ்சின் மாட்டும் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடுவார். அவர் திரும்பி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுமோ என்று அம்மா அழுவாள். வருஷா வருஷம் அதே அழுகை. அப்புறம் முதல் வடையை அவள்தான் எடுப்பாள்.

கல்யாண் லோக்கல்:
சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

செம்பூர் ஃபில்டர்:
சார், நான் வடையைப் பற்றிப் பேசுகிறேன்.

கல்யாண் லோக்கல்:
வந்து மோதும்போது பெட்டி முன்பக்கமாகக் குலுங்குமா இல்லையா? மேல் பெர்த்தில் இருந்த கூஜா உருண்டிருக்கும். அந்தக் குலுக்கல் பின்னாலிருந்து வருவது. திரும்பி வரும் இறக்கத்தில் தள்ளவே ஆள் வேண்டாம். காட் நடுவில் மங்கி ஹில் என்ற இடத்தில் நிறுத்தி பிரேக் சோதித்துவிட்டு இறங்கும். ஆகவே கிங்ஸ் சர்க்கிள் மேடம் போகும்போதும் முன்னால் பார்த்திருக்க முடியாது, வரும்போதும் பார்த்திருக்க முடியாது. வளைவில் வாலைப் பார்த்துவிட்டுத் தலை என்று நினைத்திருப்பார். சின்ன வயது, தப்பில்லை.

கிங்ஸ் சர்க்கிள்:
தம்பியிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். அவனும் முன்னால் என்றுதான் சொல்கிறான்.

கல்யாண் லோக்கல்:
நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? 'முன்னால்தானே?' என்றா?

கிங்ஸ் சர்க்கிள்:
உங்கள் வீட்டில் உள்ளவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பொறுப்பாளர்:
தனிப்பட்ட பேச்சு வேண்டாம். பேச வந்தது கோடை விடுமுறையைப் பற்றி. முடிந்தால் அதற்குத் திரும்புங்கள்.

கல்யாண் லோக்கல்:
அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கர்ஜத் போகிறேன். படம் எடுத்துப் போடுகிறேன்.

கிங்ஸ் சர்க்கிள்:
போடுங்கள். இன்றைக்கு எடுத்த படத்தை வைத்து 1979ஐ எப்படி நிரூபிப்பீர்கள்?

தொண்ணூறு அடி ரோடு:
அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா? மகனைக் கூட்டி வருகிறேன். விடுமுறைக்கு அவன் கேட்பது கோவா.

கல்யாண் லோக்கல்:
வாருங்கள். காலை 6 மணிக்குக் கல்யாணில் நில்லுங்கள், கர்ஜத் லோக்கலில் கடைசிப் பெட்டி.

செம்பூர் ஃபில்டர்:
எனக்கு நாலு வடா பாவ் கட்டிக்கொண்டு வாருங்கள். அப்புறம், மே முதல் வாரம் நாகர்கோவில் வண்டியில் இரண்டு டிக்கெட் கிடைக்குமா, யாருக்காவது தெரியுமா?

கல்யாண் லோக்கல்:
கிடைக்காது. வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்டு வையுங்கள். கிடைத்தால் கர்ஜத்தில் இறங்கிப் பின்னால் பாருங்கள்.

கிங்ஸ் சர்க்கிள்:
முன்னாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.