நெட் ஸ்லோவானா விம் எடிட்டர்ல மேல் அம்பு அடிக்க இங்கிலீஷ் 'ஏ' விழுது, ஏன்?

வாவிக்கரை:
களுவாஞ்சிக்குடியில இருந்து டொங்கிள் போட்டு சிங்கப்பூர் சேர்வருக்கு எஸ்எஸ்எச்ல (தூரத்து மெஷினுக்குள்ள போற வழி) போறன், பகல்ல ஒண்டும் இல்ல, பின்னேரம் ஊரே போனைத் தூக்கினதும் பிங் (போய்ட்டு வாற நேரம்) 80 மில்லிசெகண்ட்ல இருந்து 900க்கு ஏறுது, அந்த நேரம் இன்சர்ட் மோட்ல (எழுதுற நிலை) மேல் அம்பை அடிச்சா கர்சர் ஏறாம மேல புது லைன் ஒண்டு திறந்து 'ஏ' விழுது, கீழ் அம்புக்கு 'பி'. நேத்து கொன்பிக் பைல்ல அப்பிடி விழுந்த ஒரு 'பி'யைக் கவனிக்காம சேவ் பண்ணிப்போட்டன், என்ஜின்எக்ஸ் வெப்சேர்வர் எழும்பவே இல்ல. கீபோர்ட்டும் மாத்திப் பார்த்தாச்சு.

கல்முனை_டெர்மினல்:
கீபோர்ட் பாவம், விடுங்க தம்பி. மேல் அம்புக்கு எஸ்கேப், ஓ, ஏ எண்டு மூணு பைட் போகும், 1978ல வந்த விடி100 டெர்மினல் காலத்துப் பழக்கம். வழமையா மூணும் ஒரே பக்கெட்லதான் போறது. பிரிஞ்சி, எஸ்கேப் முந்தி மத்தது பிந்தினா விம் கொஞ்சம் பார்த்துப்போட்டு நோர்மல் மோடுக்குப் (கட்டளை குடுக்கிற நிலை) போயிரும், பிறகு வாற ஓ லைன் திறக்கும், ஏ அதுக்குள்ள விழும். பிங் 900 எண்டது இல்ல விசயம், மூணுக்கும் நடுவில உள்ள இடைவெளிதான். விம் அப்பிடிப் பார்த்து நிக்கிற நேரம், டிடைம்அவுட்லென், எவ்வளவு? நடுவில டீமக்ஸ் (ஒரு டெர்மினலுக்குள்ள பலதை ஓட்டுறது) இருக்கா?

வாவிக்கரை:
விம்ல 100. டீமக்ஸ் சேர்வர்லதான், எஸ்கேப் இழுக்குது எண்டு அது காத்து நிக்கிற நேரத்தை, எஸ்கேப்-டைமை, 0 ஆக்கினன் அண்ணே.

கல்முனை_டெர்மினல்:
அதான் கள்ளன்! 0 எண்டா டீமக்ஸ் காத்து நிக்கவே நிக்காது. பழைய டீமக்ஸ்ல 500 மில்லிசெகண்ட் தானா இருந்தது, எரிச்சல்ல எல்லாரும் 0 ஆக்கினவங்க, சொந்த மெஷினுக்கு அது சரி. 50 வெச்சிப் பாருங்க, காணாட்டி கூட்டுங்க. டைம்அவுட்லென்ல மட்டும் கை வெக்காதீங்க, அது மெப்பிங்குக்கு (நாமளே வெக்கிற கீ சுருக்கம்) உள்ளது, பேர் ஒண்டு மாதிரி இருக்கிறதால ஆக்கள் அதைத்தான் மாத்திப்போட்டு நிக்கிறது.

அக்கரைப்பற்றான்:
நானா சொன்னது சரி, ஆனா ரொம்பக் கூட்டினாலும் வில்லங்கம். ஒருக்கா நான் எஸ்கேப் அடிச்சி, ஓ அடிச்சி, பெரிய டியில ஒரு சொல்லைத் தொடங்கினன், லைன் தேங்கி மூணும் ஒண்டா போய்ச் சேர்ந்து இடப்பக்க அம்பாயிட்டு, டியைக் காணல்ல. எழுத்து பிந்தித் தெரியிறதுதான் கஷ்டமெண்டா எஸ்எஸ்எச்சுக்குப் பதிலா மோஷ் போடுங்க, அடிச்சது சேர்வர் பதில் வர முந்தியே அடியில கோடு போட்டுத் தெரியும். யுடிபி போர்ட் 60000ல இருந்து 61000 வரைக்கும் பயர்வால்ல திறக்கணும்.

வாவிக்கரை:
50 வெச்சிப்போட்டு ஏழரைக்கு அம்பை அமத்து அமத்தெண்டு அமத்தினன், ஒரு 'ஏ' கூட இல்ல. எஸ்கேப்தான் கொஞ்சம் இழுக்குது, அது பரவால்ல. மோஷ் நாளைக்கு.